அனுசுயாவுக்குப் பின்னால் ஓர் இடம்

அனுசுயாவின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாலு வருஷமாகக் காலையும் மாலையும் அவள் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து, அந்த முதுகைப் பார்த்தபடியேதான் வேலைக்குப் போய் வந்தேன். எந்த நாள் வீட்டில் சண்டை, எந்த நாள் தூக்கம் போதவில்லை, எந்த நாள் சாப்பாட்டுப் பையில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது என்று தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவளும் மறுத்ததில்லை.

எங்கள் இருவருக்கும் கள்ளிக்குப்பத்தில் ஒரே தெரு. வேலையும் ஒரே இடம்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி. எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி வேன் நின்றுபோன வாரம், நான் ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆட்கள் வெளியே தொங்கினார்கள். அப்போது என் முன்னால் ஒரு லேடீஸ் சைக்கிள் வந்து நின்றது.

"இன்னா மைதிலி, ஆட்டோவ வெத்தல பாக்கு வெச்சி கூப்ட்டுகினு கீறியா? வந்து குந்துடி."

அதுவரை அவளோடு நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஏறி உட்கார்ந்தேன். கம்பெனி வருவதற்குள் எங்கள் மாமியார்கள் இருவரையும் பற்றிப் பேசி முடித்திருந்தோம்.

அந்தச் சைக்கிள் உண்மையில் அவள் மகள் காவ்யாவுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. காவ்யா காலேஜ் பஸ் ஏறத் தொடங்கியதும் அது அம்மாவிடம் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் பாதி அம்மாக்கள் இப்படி மகள்களின் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். கியர் கிடையாது. ஒரே பல்சக்கரம், ஒரே செயின். மிதித்தால் போகும், நிறுத்தினால் நிற்கும். பழைய புடவையை மடித்து, கம்பெனியில் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் கேரியரில் கட்டி, எனக்கென்று ஒரு மெத்தை செய்து வைத்திருந்தாள்.

பின்னால் உட்கார்வது சும்மா உட்கார்வது என்று நினைப்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு சாப்பாட்டுப் பையும் என் மடியில். வலது பக்கம் திரும்பினால் கை காட்டுவது நான். பின்னால் பஸ் வந்தால் சொல்வது நான். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மேம்பாலத்தில். ரயில் பாதையைத் தாண்டிப் போகிற அந்தப் பாலத்தில் ஒற்றை ஆளாக ஏறுகிறவர்களுக்கே மூச்சு வாங்கும். இவளுடையதோ கியர் இல்லாத சைக்கிள். பின்னால் நானோ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. அதனால் எங்களுக்கு என்று ஒரு முறை வைத்திருந்தோம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அது வந்ததும் சைக்கிளை நிறுத்தாமலே நான் குதித்துவிடுவேன். கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கூட ஓடுவேன். அவள் சீட்டை விட்டு இறங்காமல் மிதிப்பாள். உச்சி வந்ததும் ஒரே எம்பு, மறுபடி கேரியரில் நான். இறக்கத்தில் இரண்டு பேர் துப்பட்டாவும் பறக்கும்.

தள்ளும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள், மனசுக்குள் என்னைத் திட்டுவாள் என்றே நினைத்திருந்தேன்.

அனுசுயா பிறந்ததே கள்ளிக்குப்பத்தில்தான். அவள் அம்மா வேம்புலியம்மாள் நாற்று நட்ட நிலத்தில் இப்போது லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட் நிற்கிறது. அதைத் தாண்டும்போது வேறு யாராவது பெருமூச்சு விடுவார்கள். இவள் விடமாட்டாள். "எங்கம்மா சேத்துல நின்னுச்சி, நான் ஏசில நின்னு வேல செய்றேன், எம்பொண்ணு ஏசில குந்திகினு வேல செய்யுது, அப்புறம் இன்னா?" என்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டிப் பிழைப்பைத் தொடங்கியவள். தண்ணி லாரி ஓட்டும் ஜெகதீசனைக் கட்டிக்கொண்டு, ஒரே பெண்ணைப் பெற்று, அவளை பி.காம். படிக்க வைத்தாள். இதில் எதையும் கஷ்டப்பட்ட கதையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள் பின்னால் ஒரு கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அனுசுயா நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, என்னிடம் ஹேண்டில்பாரைக் கொடுத்துவிட்டு, காரின் கண்ணாடியைத் தட்டினாள். "இன்னா சார், உள்ள பேஷன்ட் யாருனா கீறாங்களா? இருந்தா சொல்லு, நாங்களே வயி உட்டுத் தர்றோம்." அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. ஆனால் எஸ்டேட் வரைக்கும் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்க அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் வளர்ந்தது ஆவடியில், குவார்ட்டர்ஸில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்த ரோடு முழுக்கச் சைக்கிளாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தும் எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது. சின்ன வயதில் ஒரு தடவை விழுந்தேன், முட்டி கிழிந்தது, அத்தோடு தொடவில்லை. வேறு காரணம் சொன்னால் பொய். பயம்தான்.

ஆகவே அந்தக் கேரியர் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஷேர் ஆட்டோ மாறிப் போனால் எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் மணி அடித்ததும் கேட்டைச் சாத்துவார்கள். அடிக்கடி வெளியே நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். அதைவிட, அந்தப் பயணம் இல்லாவிட்டால் எனக்கு நாளே இல்லை. வீட்டில் நான் பேசினால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அனுசுயாவின் முதுகு மட்டும்தான் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் காவ்யா முதல் சம்பளம் வாங்கினாள். அம்மாவுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அது தெருவில் வந்து இறங்கியது. கறுப்பும் பச்சையுமாக, மெலிந்த உடம்பு, உயரமான சீட்டு. தெருவே கூடிவிட்டது. பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருந்த பல்சக்கரங்களைக் குனிந்து எண்ணியவர்கள் சிலர், ஹேண்டில்பாரில் இருந்த கியரை டக் டக் என்று தட்டிப் பார்த்தவர்கள் சிலர். நான் பார்த்தது ஒரே ஒரு இடத்தைத்தான். சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

அனுசுயாவும் அந்த இடத்தைத்தான் பார்த்தாள்.

"காவ்யா, கேரியர் எங்கடி?"

"இதுக்கு வராதும்மா. கடைல கேட்டேன். பை வெக்கிற மாதிரி சின்னதா போடலாமாம், ஆள் உக்கார்ந்தா தாங்காதாம். உனக்கு முட்டி வலிக்குதுல்ல? பாலம் ஏறும்போது ஃபர்ஸ்ட் கியர்ல போட்டா பஞ்சு மாதிரி இருக்கும்."

"எனுக்குத்தான் கியர் கீதே. தோ நிக்குது பாரு," என்று அனுசுயா என்னைக் காட்டினாள். தெருவே சிரித்தது. காவ்யா சிரிக்கவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய பொருளை அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான்.

"அனு, நாளைலருந்து நான் ஆட்டோல வந்துக்கறேன். நீ இதுலயே போ," என்றேன்.

"நீ இன்னா பெரிய மனுஷியா? வாய மூடிகினு காலைல வந்து குந்து."

"வரமாட்டேன்."

"வராட்டி போடி!"

அத்தனை வருஷத்தில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை அது. இரவு படுத்தும் எனக்கு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் ஜெகதீசன் தன் மனைவிக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணி லாரியில் இருபது வருஷ அனுபவம். சைக்கிள் கியர் எல்லாம் அவருக்கு எந்த மூலைக்கு? "எந்த வண்டியா இருந்தா இன்னாமே, கியர் கியர்தான். வண்டி நின்னா ஃபர்ஸ்ட்டு. பெரிய மேடுன்னா கீயவே நிறுத்திரு. ஒயுங்கா ஃபர்ஸ்ட்ட போடு, அப்பால அயுத்து," என்று காற்றில் லாரியின் கியர் கம்பியைப் பிடித்து இழுத்துக் காட்டியிருக்கிறார். இவளும் தலையாட்டியிருக்கிறாள்.

மறுநாள் அவளுக்கு முன்னாலேயே கிளம்பி, ஒரு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, அடுத்ததுக்கு வெகுநேரம் நின்று அதில் என்னைத் திணித்துக்கொண்டேன். இரண்டு பேர் முழங்கை என் விலாவில். பேச ஆள் இல்லை. மேம்பாலத்தின் அடிவாரத்தில் ஆட்டோ திணறிக்கொண்டு ஏறத் தொடங்கியபோது, நான் வழக்கமாகக் குதிக்கும் விளக்குக் கம்பத்தின் கீழே புதுச் சைக்கிள் தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கையிலும் கறுப்பு கிரீசோடு அனுசுயா.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடினேன்.

புருஷன் சொன்னபடியே அடிவாரத்தில் நின்று, நின்றபடியே கியரை ஃபர்ஸ்ட்டுக்குத் தட்டி, பிறகு ஓங்கி ஒரு மிதி மிதித்திருக்கிறாள். செயின் பல்லைத் தாண்டிக் குதித்து, சக்கரக் கம்பிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டுவிட்டது.

"நீ இன்னாத்துக்கு எறங்கின? மணி அடிச்சிரும், நீ போ," என்றாள்.

"உன்ன விட்டுட்டா?"

அவள் சக்கரத்தைப் பிடிக்க, நான் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு செயினை இழுக்க, ஒருவழியாக வெளியே வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கி, எஸ்டேட் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். கேட் சாத்தியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அனுசுயா அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றதில்லை. மழையில் வந்திருக்கிறாள், காய்ச்சலோடு வந்திருக்கிறாள். பஞ்சர் ஆனபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். மூடிய கேட்டை அவள் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செக்யூரிட்டி கஜபதி அண்ணன் எங்களைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். அனுசுயா மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் டீக்கடையே கேட்டது.

"ம்மா! நிக்கும்போது யாராவது கியர் மாத்துவாங்களா? மிதிச்சிகினே மாத்தணும்! அதுவும் மேடு வர்றதுக்கு முன்னாடியே!"

"உங்கப்பன்தான்டி நின்னுகினு போடச் சொன்னாரு."

"அப்பா ஓட்டறது தண்ணி லாரிம்மா!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அனுசுயா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து, டீயை ஒரே மடக்கில் குடித்து, கிளாசை வைத்தாள்.

"மைதிலி, கேளு. இத்த நான் ஓட்டாட்டி எம்பொண்ணு மனசு ஒடஞ்சிரும். நீ இல்லாம நான் வந்தா என் மனசு சரியில்ல, அதான் வயிலயே நின்னுட்டேன். பயைய சைக்கிள் ஊட்ல சொம்மாதான் நிக்குது. அத்த நீ ஓட்டு."

"நானா? இந்த வயசுலயா?"

"இன்னா வயசு? எட்டு மாடி லிஃப்ட்டு இல்லாம ஏறச் சொன்னனா? சைக்கிள்டி. இன்னிக்கு இன்னாத்தான் வேல கீது நம்மளுக்கு? எயுந்திரு."

கேட் சாத்தியதால் கிடைத்த அந்த நாள் அப்படித்தான் செலவாயிற்று. எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை பிரித்து, ரோடு போட்டு, வீடு வராத இடம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் கல் நட்ட காலி மனைகளும் ஆளில்லாத ரோடும் மட்டும்தான். அங்கே என்னைப் பழைய சைக்கிளில் ஏற்றி, என் மெத்தை இருந்த கேரியரை அவள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடியதும் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"அட எயவே! இத்தினி வருசமா இந்த வெயிட்டயா நான் இய்த்தேன்?"

"பாலத்துல தள்ளினது யாரு?"

"அத்த ஒண்ணும் சொல்லல. நேரா பாரு, சக்கரத்தப் பாக்காத!"

விழுந்தேன். ஒரு மனைக்கல்லின் மேல் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து பழையபடி அவள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்தே வேலைக்குப் போனோம். திரும்பி வந்ததும் இருட்டும்வரை காலி மனைகளில் பழகினேன். புதுச் சைக்கிள் அவர்கள் வீட்டு வாசலில் துணி மூடி நின்றது. காவ்யா வேலை விட்டு வரும்போது அந்தத் துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவாள். அந்தப் பார்வைக்காகவே நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

கியர் சைக்கிளை நான் குறை சொல்லமாட்டேன், கியர் இல்லாததையும் குறை சொல்லமாட்டேன். கற்றுக்கொள்கிறவளுக்குக் கியர் இல்லாததுதான் சரி. அது உன்னை ஒன்றும் கேட்காது, நீ மிதித்த அளவுக்குப் போகும். கியர் உள்ளது ஒவ்வொரு திருப்பத்திலும் உன் யோசனையைக் கேட்கும். காவ்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கிட்டே வரவிடாமல் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அனுசுயா பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சமதளத்தில் கனமான கியரிலேயே ஓட்டுவாள். லேசான கியரில் கால் சும்மா சுற்றுகிறதாம், வேலை செய்த மாதிரியே இல்லையாம்.

"ஃபர்ஸ்ட் கியர போடவே மாட்டேங்கறாங்க ஆன்ட்டி," என்று காவ்யா என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை இரண்டு சைக்கிளும் தெருவில் இறங்கின. காவ்யா வேலைக்குக் கிளம்பும் முன்னே வாசலில் நின்று போன் கேமராவில் படம் எடுத்தாள். ஜெகதீசன் தண்ணி லாரியிலிருந்து ஹாரன் அடித்தார். என் முன்கூடையில் என் சாப்பாட்டுப் பை, அனுசுயாவின் முதுகில் அவளுடையது. எனக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் கால் நின்றுவிடவில்லை. மெயின் ரோட்டில் ஒரு வேனுக்கு வழி விட்டேன், ஒரு மாட்டைச் சுற்றிப் போனேன், வலது பக்கம் திரும்ப நானே எனக்குக் கை காட்டிக்கொண்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

விளக்குக் கம்பம் வந்தது. பழக்கத்தில் குதிக்கப் பார்த்தேன். குதித்தால் யார் மிதிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றத்தில் விட்டேன். பாதிப் பாலம் வரைக்கும் சமாளித்தேன். அதற்குமேல் பெடல் கல்லாகிவிட்டது. தொடை நடுங்கியது, ஹேண்டில்பார் இடதும் வலதும் ஆடியது. பின்னால் பஸ் உறுமும் சத்தம் கேட்டது. பஸ் வருகிறது என்று சொல்வது என் வேலை, இப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. காலை ஊன்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

டக், டக், டக் என்று வலது பக்கத்தில் கியர் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் முதுகில் ஒரு கை வந்து அழுந்தியது.

"ஊனாதடி. மிதி."

அனுசுயா என் பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை என் முதுகில். வேலை செய்த மாதிரியே இல்லை என்று அவள் ஒதுக்கி வைத்த அந்த ஃபர்ஸ்ட் கியரில் அவள் கால்கள் படபடவென்று சுற்றின. அவள் மிதித்தது பாதி அவளுக்கு, பாதி எனக்கு. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கல்லாக இருந்த பெடல் இறங்கியது, மறுபடி இறங்கியது, என் சைக்கிள் ஏறியது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பாலத்தில் அவள் முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவில்லை. திட்டவில்லை. வேர்வை வழிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் இப்படித்தான் சிரிச்சுகிட்டே ஏறுவியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"பின்ன? நீ தள்ளும்போது எனுக்கு இன்னா கவல? ரோட்டப் பாரு, எறக்கம் வருது."

கையை அவள் உடனே எடுக்கவில்லை.